குளிர்கால லடாக்கில் பனிச்சிறுத்தையும் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் லடாக் மலைகளுக்குப் பனிச்சிறுத்தையையும் பறவைகளையும் தேடிப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நவம்பர் பிறந்ததும் தொடங்கும் விசாரிப்புகளில் முக்கால்வாசி கேமராவைப் பற்றித்தான் இருக்கும். என் கருத்து வேறு. இந்தப் பயணத்தில் காசைப் போட வேண்டியது கூடுதல் நாட்களிலும், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டியிடமும்தான். லென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

உறைபனியில் ஏன் போக வேண்டும்? கோடையில் போகக் கூடாதா?

போகலாம், மலையைப் பார்க்கலாம். சிறுத்தையைப் பார்ப்பது அரிது. கோடையில் பனி உருகி உயரத்தில் புல் முளைத்ததும் பாரல், ஐபெக்ஸ் போன்ற காட்டு ஆடுகள் மேலே ஏறிவிடும். அவற்றைத் தின்று வாழும் சிறுத்தையும் பின்னாலேயே போய்விடும். குளிர்காலத்தில் மேல்சரிவுகளைப் பனி மூடும்போது ஆடுகள் பள்ளத்தாக்குகளுக்கு இறங்குகின்றன, சிறுத்தையும் இறங்குகிறது. நாம் மூச்சு வாங்காமல் உட்கார்ந்து பார்க்கக்கூடிய உயரத்துக்கு எல்லாம் வந்து சேர்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பனிச்சிறுத்தையின் இணைசேரும் பருவம். ஆண்டின் மற்ற நாட்களில் தனியாக, ஓசையின்றித் திரியும் விலங்கு அப்போது மலைமுகட்டில் நின்று குரல் எழுப்பும். பாறைகளின் மேல் சிறுநீர் பீய்ச்சும், பின்னங்கால்களால் மண்ணைக் கீறி அடையாளம் வைக்கும். சுருங்கச் சொன்னால், தன் இருப்பைத் தானே அறிவிக்கும். பிப்ரவரியை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

நிச்சயம் பார்த்துவிடுவேன் என்று சொல்ல முடியுமா?

முடியாது. அப்படிச் சொல்லும் பயண ஏற்பாட்டாளரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

2024 ஜனவரியில் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் லடாக்கில் மட்டும் 477. உத்தராகண்டில் 124, இமாசலத்தில் 51, அருணாசலத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு காஷ்மீரில் 9. நாட்டின் பனிச்சிறுத்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு லடாக்கில் என்றதும் மனம் துள்ளும். ஆனால் அந்த 477-ம் பரந்து கிடக்கும் மலைத்தொடர்களில் சிதறியிருக்கின்றன. சாம்பல் பாறையின் நிறத்திலேயே தோல். வளைய வளையமாகக் கரும்புள்ளிகள். பகலின் பெரும்பகுதி அசையாமல் படுத்திருக்கும் பழக்கம். நேராக அதன் மேலேயே பார்வை பதிந்திருந்தும் தெரியாமல் போவது இயல்பு.

நாட்களைக் கூட்டினால் வாய்ப்பும் கூடும். மூன்று நாள் பயணத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. மலையில் மட்டும் ஒரு வாரமாவது இருக்க வேண்டும்.

எந்த இடத்துக்குப் போவது? ரும்பக், உல்லே, கிப்பர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

மூன்றும் நல்ல இடங்கள். குணம் வேறு.

ரும்பக், ஹேமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கிராமம். 1981-இல் அமைக்கப்பட்ட ஹேமிஸ் ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். நாட்டிலேயே பெரிய தேசியப் பூங்கா. லடாக்கின் முக்கிய நகரான லேயிலிருந்து சிந்து நதியைக் கடந்து ஜிங்சென் வழியாகப் போக வேண்டும். குறுகலான பள்ளத்தாக்குகள், செங்குத்துப் பாறைகள். நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு இதுதான் சரி. பாரல் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை.

உல்லே, லேக்கு மேற்கே ஷாம் பகுதியில் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீட்டு வாசல் வரை வண்டி போகும். நாற்புறமும் திறந்த சரிவுகள் என்பதால், அதிகம் நடக்காமல் முக்காலியில் நிறுத்திய ஸ்கோப் எனும் தொலைநோக்கியில் தேட முடியும். ஐபெக்ஸும் யூரியல் என்ற காட்டுச் செம்மறியும் இங்கே உண்டு. ஓநாயைப் பார்க்கவும் வாய்ப்பு இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் பெரிய லென்ஸ் சுமப்பவர்களுக்கும் உல்லேயைத்தான் சொல்வேன்.

கிப்பர் லடாக்கில் இல்லை. இமாசலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே கிப்பருக்கும் சிச்சம் கிராமத்துக்கும் நடுவிலுள்ள ஆழமான மலைப்பிளவின் விளிம்பில் நின்று எதிர்ப்பாறையைப் பார்க்கலாம். சிறுத்தை ஒப்பீட்டளவில் அருகில் தென்படும். அதனாலேயே கூட்டமும் சேர்கிறது. பனிப்பொழிவு லடாக்கைவிட அதிகம். சாலை மூடினால் மூடியதுதான்.

முதல்முறை போகிறவர்கள் உல்லேயில் நான்கு நாள், ரும்பக்கில் நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டால் பறவை, விலங்கு இரண்டுக்கும் நல்லது.

அவ்வளவு பெரிய மலையில் அதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

இந்தப் பயணத்தின் சாரமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விடியலுக்கு முன்பே உள்ளூர்த் தேடுநர்கள் ஆளுக்கொரு மேட்டில் ஏறிவிடுவார்கள். கையில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் வாக்கி டாக்கியும் இருக்கும். முதலில் வானத்தை ஒட்டிய முகட்டுக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் தடவிப் பார்ப்பார்கள். சிறுத்தை முகட்டின் ஓரமாகவே நடக்க விரும்பும். அங்கிருந்து இரண்டு பள்ளத்தாக்குகளையும் நோட்டம் விடலாம். பிறகு பாறைச் சுவர்களின் அடிவாரம், வெயில் முதலில் படும் திட்டுகள், குகை வாய்கள் என்று வரிசையாக இறங்குவார்கள்.

ஆனால் அவர்கள் சிறுத்தையை மட்டும் தேடுவதில்லை. ஆடுகளைப் பார்க்கிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த பாரல் கூட்டம் திடீரென்று தலைநிமிர்ந்து ஒரே திசையை வெறித்தால், அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. கூர்மையான எச்சரிக்கைக் குரலும் கேட்டால் சந்தேகமே வேண்டாம். மேக்பைகளும் சஃப் எனப்படும் மலைக்காக்கைகளும் ஓரிடத்தில் கூடிக் கத்தினாலும், பிணந்தின்னும் பாறுகள் வட்டமிட்டும் இறங்கத் தயங்கினாலும், அங்கே இரை கிடக்கலாம், அருகிலேயே அதைக் கொன்ற சிறுத்தையும் படுத்திருக்கலாம். பெரிய ஆடு ஒன்றை அடித்துவிட்டால் சிறுத்தை சில நாட்கள் அந்த இடத்தை விட்டு நகராது. பயணிகளுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

தரையும் சேதி சொல்லும். புதுப்பனியில் பதிந்த வட்டமான தடம், நகக்குறி இருக்காது. முன்னோக்கிச் சாய்ந்த பாறையின் அடிப்பக்கத்தில் ஈரக்கறையும் கடுமையான நெடியும் இருந்தால், அது எத்தனை நாள் பழையது என்பதை முகர்ந்தே சொல்லிவிடுகிற ஆட்கள் அங்கே உண்டு. நம்மூர்க் காடர் பழங்குடியினரோடு ஆனைமலையில் நடந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது, உட்காருவது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து எதிர்மலையைத் துண்டுதுண்டாகப் பார்ப்பது. அதிகாலையும் அந்தியும்தான் சிறுத்தை நடமாடும் நேரம். நடுப்பகலில் படுத்திருப்பதைத் தேட வேண்டும். பாறையின் விளிம்பிலிருந்து தொங்கும் தடித்த வால்தான் பலமுறை காட்டிக்கொடுக்கும். உடம்பின் நீளத்துக்குக் கொஞ்சமே குறைந்த வால் அது. தூங்கும்போது முகத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளவும், பாறையில் தாவும்போது உடலைச் சமன்செய்யவும் பயன்படுகிறது.

எவ்வளவு அருகில் தெரியும்? படம் எடுக்க முடியுமா?

அரை கிலோமீட்டர் என்றால் நல்ல காட்சி. ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்பதும் சகஜம். ஸ்கோப்பில் அருமையாகத் தெரியும். கேமராவில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு விழும். இணையத்தில் பார்க்கிற முகம் தெரியும் படங்களில் பல, வாரக்கணக்கில் காத்திருந்தோ, இரை கிடந்த இடத்துக்கு எதிரே அமர்ந்தோ, தானியங்கிக் கேமராவை வைத்தோ எடுத்தவை. அவற்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஸ்கோப்பின் கண்வில்லையில் கைபேசியை ஒட்டிப் பிடித்து ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். நினைவுக்கு அது போதும்.

என்ன இருநோக்கி, என்ன கேமரா கொண்டுபோவது?

8x42 அல்லது 10x42 இருநோக்கி ஆளுக்கு ஒன்று. கணவனும் மனைவியும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சிறுத்தை தெரியும் அந்த அரை நிமிடத்தில் குடும்பச் சண்டை வரும். ஸ்பாட்டிங் ஸ்கோப் வழிகாட்டியிடம் இருக்கும், ஆனாலும் எத்தனை பேருக்கு ஒன்று என்று முன்கூட்டியே கேளுங்கள். ஐந்து பேருக்கு ஒன்று என்றால் போதாது.

பேட்டரிகள் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். மாற்று பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். இரவில் உறங்குபையினுள் கூடவே படுக்க வையுங்கள். வெளியிலிருந்து அடுப்பு எரியும் அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும், திரும்ப வெளியே போனதும் அது உறையும்.

பறவைகளுக்காக மட்டும் போகலாமா?

தாராளமாக. பறவை பார்ப்பவர்கள்தான் இந்தப் பயணத்தில் ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பாதவர்கள். இனங்களின் எண்ணிக்கை குறைவு. வேடந்தாங்கலில் ஒரு காலையில் பார்க்கும் இனங்களை இங்கே ஒரு வாரத்திலும் பார்க்க முடியாது. ஆனால் பார்ப்பது ஒவ்வொன்றும் அலாதி.

லேயில் உடம்பு பழகும் நாட்களில், முதல் ஓய்வு முடிந்ததும் சிந்து நதிக்கரைக்குப் போங்கள். ஷே கிராமத்தை ஒட்டிய கரைகளில் நதி முழுவதும் உறையாத இடங்களில் ஐபிஸ்பில் இருக்கும். சாம்பல் உடல், கரிய முகம், கீழ்நோக்கி வளைந்த சிவப்பு அலகு. தன் குடும்பத்தில் உலகிலேயே இது ஒரே இனம். கூழாங்கற்களுக்கு நடுவே அசையாமல் நின்றால் கல்லோடு கல்லாகிவிடும். பார்த்த கல்லையே மறுபடி பாருங்கள். அதே ஓடைகளில் தனி உள்ளான் எனப்படும் சாலிட்டரி ஸ்னைப் உடம்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும். டிப்பர் என்ற குண்டுப் பறவை பனிக்கட்டி விளிம்பிலிருந்து நீருக்குள் குதித்து, ஓடைத் தரையில் பூச்சி பொறுக்கிவிட்டு மேலே வரும். அதைப் பார்க்கும்போது நமக்குத்தான் குளிரும்.

கரையோரத்து முள்புதர்களில் ஆரஞ்சு நிறக் கனிகள் குளிர்காலம் முழுக்கத் தொங்கும். சீ பக்தார்ன் என்ற இந்தப் புதர்தான் குளிர்காலப் பறவைகளின் உணவுக்கூடம். கோடையில் மிக உயரத்தில் கூடுகட்டும் வெள்ளைச்சிறகு ரெட்ஸ்டார்ட், குளிரில் இந்தப் புதர்களுக்கு இறங்கிவரும். ஆண்பறவை கறுப்பும் செம்பழுப்புமாக, தலையில் வெள்ளைத் தொப்பியோடு புதர் உச்சியில் உட்காரும். என்னைக் கேட்டால் லடாக்கின் அழகான பறவை இதுதான். சிறுத்தை தெரியாத நாளில் சொல்கிற ஆறுதலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே ஏறினால் தாடிக் கழுகு. ஆப்பு வடிவ வால். இரண்டரை மீட்டர் அளவுக்கு விரியும் இறக்கை. பெரும்பாலும் எலும்பே உணவு. பெரிய எலும்பைத் தூக்கிப்போய்ப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும். பொன்கழுகும் இமாலயப் பாறும் தினமும் தென்படும். செங்குத்துப் பாறையில் எலிபோல ஊர்ந்து, சிறகை விரிக்கும் கணத்தில் மட்டும் செந்நிறம் காட்டும் வால்கிரீப்பரை ஜிங்சென் பக்கத்துப் பாறைகளில் தேடுங்கள். சுக்கர் கௌதாரிகள் காலடியிலிருந்து எழும்பிப் பறந்து திடுக்கிட வைக்கும். விடியலில் மலைச்சரிவிலிருந்து நீண்ட சீழ்க்கை கேட்டால் அது இமாலயப் பனிக்கோழி. இந்தப் பனிக்கோழியை அமெரிக்கர்கள் வேட்டைக்காக நெவாடா மாநிலத்து ரூபி மலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்றும் அங்கே வாழ்கிறது. அந்த மண்ணின் பறவைப் பட்டியலில் அதைச் சேர்க்க ஆட்கள் அங்கே மலையேறுகிறார்கள்.

கருங்கழுத்துக் கொக்கைக் கேட்பவர்களுக்கு: லடாக்கின் அரசுப் பறவைதான், ஆனால் கோடையில் சாங்தாங் ஈரநிலங்களுக்கு வருவது. குளிரில் தேட வேண்டாம்.

சிறுத்தையைத் தவிர வேறு என்ன விலங்குகள்?

பாரல், உள்ளூர்ச் சொல்லில் நாபோ, தினமும் தெரியும். டிசம்பரிலேயே போக முடிந்தால் கிடாக்கள் பின்னங்கால்களில் எழுந்து மோதுவதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இதை நீலச் செம்மறி என்கிறார்கள். மரபணு ஆய்வுகள் இதை வெள்ளாட்டுக்கு நெருங்கியதாகக் காட்டுகின்றன. நம் நீலகிரி வரையாடு மரபணுவில் செம்மறிக்கு நெருங்கியது. தோற்றத்தை வைத்து உறவு சொல்பவர்களுக்கு இரண்டும் நல்ல அடி. வரையாட்டைப் பாறைகளில் தேடிப் பழகிய கண்ணுக்கு லடாக்கில் ஆடு தேடுவது சுலபம் என்பது தனிச் செய்தி.

ஐபெக்ஸ், லடாக் யூரியல், செந்நரி, எலி போன்ற சிறு முயலினமான பைக்கா, கம்பளி முயல் எல்லாம் எதிர்பார்க்கலாம். ஓநாய் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரிய அணில் இனமான மார்மட்டும் பழுப்புக் கரடியும் குளிர்கால உறக்கத்தில் இருக்கும்.

பல்லாஸ் பூனைக்கு ஆசைப்படுகிறவர்கள் கிழக்கே ஹான்லே வரை போக வேண்டும். கியாங் காட்டுக்கழுதைகளும் அங்கேதான் கூட்டமாகத் தெரியும். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே நிறுவனத்தின் தொலைநோக்கிகள் ஹான்லே மலையில் 4,500 மீட்டரில் நிற்கின்றன. அந்த உயரமும் குளிரும் ரும்பக்கைவிடக் கடுமை. முதல் பயணத்தில் வேண்டாம்.

உயரம் ஒத்துக்கொள்ளுமா? நான் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவன்.

ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள்தான் முதல் நாளே லே கடைத்தெருவில் விறுவிறுவென்று நடந்து இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

லே 3,500 மீட்டர். சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் போனால், கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் அந்த உயரத்துக்குத் தூக்கிப் போடப்படுகிறீர்கள். 4,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். முதல் 48 மணி நேரம் லேயில் முழு ஓய்வு. மூன்றாம் நாள் நதிக்கரையில் பறவை பார்ப்பது. நான்காம் நாள்தான் மேலே. இதில் ஒரு நாளைக் குறைத்துச் சிறுத்தைக்கு ஒரு நாளைக் கூட்டலாமா என்று கேட்காத குழுவே இல்லை. கூடாது.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை லேசாக இருந்தால் அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும், ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சுத் திணறல், இருமலில் நுரை, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம், எனவே மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இதயநோய், நுரையீரல் நோய், கட்டுக்குள் இல்லாத ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

குளிர் எவ்வளவு? எங்களிடம் இருப்பதெல்லாம் ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர்தான்.

அது விமான நிலையம் வரை உதவும். இரவில் லேயிலேயே மைனஸ் 15, ரும்பக்கிலும் உல்லேயிலும் மைனஸ் 20-க்குக் கீழேயும் போகும். பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும், நிழலுக்குள் ஒரு அடி வைத்தால் உறையும்.

ஒரே தடித்த உடுப்பைவிட அடுக்கடுக்காக அணிவதே பலன் தரும்: தெர்மல் உள்ளுடை, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் இறகு திணித்த ஜாக்கெட், காற்று புகாத மேலங்கி. கைகளுக்கு மெல்லிய உறை ஒன்று, அதன்மேல் தடித்த உறை ஒன்று. குரங்குக் குல்லாயைக் கேலி செய்பவர்கள் இரண்டாம் நாள் அதையே கடன் கேட்பார்கள். காலணி ஓர் அளவு பெரியதாக இருக்கட்டும். இரண்டு காலுறை போட்டு இறுகினால் ரத்தம் ஓடாது, விரல் மரத்துவிடும். உறைந்த ஓடைகளைக் கடக்கக் காலணியில் மாட்டும் முள்தகடு வேண்டும். கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாஸலின். தேங்காய் எண்ணெய் கொண்டுபோக வேண்டாம், கல்லாகிவிடும்.

நடப்பவரைவிட உட்கார்ந்து தேடுபவருக்குத்தான் அதிகம் குளிரும். தரையில் போட ஒரு நுரைவிரிப்பும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் மறக்க வேண்டாம்.

தங்குமிடம், சாப்பாடு, கழிப்பறை?

கிராமத்து வீடுகளில் தங்கலாம். மண்சுவர் வீடு, நடுக்கூடத்தில் புகாரி என்னும் இரும்பு அடுப்பு. அதைச் சுற்றித்தான் வாழ்க்கை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, சப்பாத்தி, நூடுல் கஞ்சி போன்ற துக்பா, கோதுமை மாவுத் துண்டுகளைக் காய்கறியோடு வேகவைத்த ஸ்க்யூ எல்லாம் சூடாகக் கிடைக்கும். சைவர்களுக்குச் சிக்கல் இல்லை. உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரைத் தேநீராக நினைத்துக் குடித்தால் பிடிக்காது. சூப்பாக நினைத்தால் பிடிக்கும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள், வீட்டுக்காரர்களுக்கும் கொடுங்கள்.

குளியல் கிடையாது. கழிப்பறை தண்ணீரில்லாத உலர்முறை. மாடியில் ஓட்டை, கீழே உரக்குழி, பயன்படுத்திய பின் மண்ணையோ சாம்பலையோ அள்ளிப் போட வேண்டும். அந்த உரம்தான் கோடையில் பார்லி வயலுக்குப் போகிறது. நாற்றம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை: மூடிய அறையில் இரவு முழுக்க அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிய விட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் கொல்லும். படுக்கும் முன் அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு படுங்கள்.

போக்குவரத்தில் கவனிக்க வேண்டியது?

மணாலி சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும், விமானம்தான். டெல்லியில் மூடுபனி, லேயில் பனிப்பொழிவு இரண்டும் விமானத்தை ரத்துசெய்யும். திரும்பும் நாளுக்குப் பிறகு இரண்டு நாளாவது கையிருப்பு வையுங்கள். மறுநாளே அலுவலகம் போவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மலைக்கிராமங்களில் அதுவும் விட்டுவிட்டுத்தான்.

பனிச்சிறுத்தை ஆளைத் தாக்குமா?

மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு இல்லை. கூட்டமாகத் திரியும் தெருநாய்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். லடாக்கில் அவை காட்டு விலங்குகளுக்கும் பெரிய தொல்லை.

கிராமத்தார் சிறுத்தையை விரும்புகிறார்களா, பயணிகளுக்காக விரும்புவதுபோல் காட்டுகிறார்களா?

கேட்க வேண்டிய கேள்வி. நேர்மையான பதில், ஒரு காலத்தில் வெறுத்தார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. பட்டிக்குள் இறங்கும் சிறுத்தை ஒரு ஆட்டோடு நிற்பதில்லை. வெளியேற வழியின்றி மிரண்டோடும் ஆடுகளுக்கு நடுவே அதன் வேட்டையுணர்வு அடங்காது. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் மந்தையில் பெரும்பகுதி செத்துக் கிடக்கும். பட்டியில் சிக்கிய சிறுத்தையைக் கல்லால் அடித்துக் கொன்ற காலம் உண்டு. ஓநாயைப் பிடிக்க ஊருக்கு வெளியே கட்டிய ஷங்தோங் என்ற கல்குழிகளை இன்றும் பார்க்கலாம்.

மாற்றம் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரையும் பலமான கதவும் போட உதவியது. இரண்டு, வீட்டுத் தங்கல். ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சியின் முயற்சியில் 2000-களின் தொடக்கத்தில் ரும்பக் போன்ற கிராமங்களில் இது தொடங்கியது. வருமானம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் சேர்கிறது. விருந்தினர்களை முறைவைத்து வீடுவீடாக அனுப்புவதால் ஒரே வீடு கொழுப்பதில்லை. ஸ்பிதியில், வால்பாறையிலும் பணிபுரியும் மைசூருவின் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், கிப்பர் மக்களோடு சேர்ந்து கால்நடைக் காப்பீட்டுத் திட்டத்தை உருவாக்கியது. ஆடு இழந்தவர் கையில் காசு வந்தால்தான் கோபம் தணியும், பிரசங்கத்தால் தணியாது.

இப்போது ஆட்டை இழந்தவரே மறுநாள் உங்களுக்கு ஸ்கோப்பில் சிறுத்தையைக் காட்டுவார். அதில் பெருமிதமும் உண்டு, பிழைப்பும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எதைச் செய்யக் கூடாது?

சிறுத்தை தெரிந்ததும் அதை நோக்கி ஏறுவதுதான் பெரிய தவறு. இரையை விட்டு அது ஓடினால், குளிரில் அடுத்த வேட்டைக்கு எத்தனை நாள் ஆகுமோ. ட்ரோன் பறக்கவிடக் கூடாது. இரை வைத்து அழைக்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் குரலை ஒலிபரப்பிக் கூப்பிடவும் வேண்டாம். குளிரில் ஒவ்வொரு பறவையும் கையிருப்புக் கொழுப்பை எண்ணிச் செலவழிக்கிறது. பார்த்த இடத்தைத் துல்லியமாக இணையத்தில் உடனே போடுவதால் மறுநாள் பத்து வண்டி அதிகம் வரும், வேறு பலன் இல்லை.

செலவு அதிகமாகச் சொல்கிறார்களே?

ஆமாம், தொகுப்புப் பயணங்கள் லட்சக்கணக்கில் போகும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தேடுநர்கள் எத்தனை பேர், அவர்கள் அந்தக் கிராமத்தவரா, வீட்டுக்காரருக்கு ஒரு இரவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், நல்ல ஏற்பாட்டாளர் தயங்காமல் சொல்வார். இழுத்தடிப்பவரை விட்டுவிடுங்கள். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து, லேயில் உள்ள வழிகாட்டியை நேரடியாக அமர்த்தி, வீட்டுத் தங்கலில் இருந்தால் செலவு கணிசமாகக் குறையும். தேடுநருக்கான அன்பளிப்பைச் சிறுத்தை தெரிந்தால் மட்டும் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. தெரியாத நாளில்தான் அவர் அதிக மலை ஏறியிருப்பார்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

சிறு குழந்தைகளை வேண்டாம். தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் அந்த உயரம் ஆபத்து. பதின்ம வயதினர், கைபேசி இல்லாமல் நான்கு மணி நேரம் உட்காரத் தெரிந்தவர்கள் என்றால், வரட்டும். பெரியவர்களைவிட அவர்கள் கண் கூர்மை.

வழியில் கிடக்கும் கொம்பு, இறகு ஏதாவது எடுத்து வரலாமா?

வேண்டாம். செத்த பாரலின் கொம்பும் ஐபெக்ஸ் கொம்பும் பாதையில் நிறையக் கிடக்கும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் அவற்றை வைத்திருப்பதே குற்றம்; லே விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து சோதிப்பார்கள், அங்கே விளக்கம் எடுபடாது. கிராமத்தார் சில கொம்புகளை லாதோ என்ற குலதெய்வ மேடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தொடாமல், கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் லே கடைத்தெருவில் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும், பெண்கள் கூட்டுறவுக் கடைகளில் கையால் பின்னிய கம்பளிக் காலுறையும் கிடைக்கும். காலுறையைப் போகும்போதே வாங்கிவிடுவது நல்லது.